பார்மெட் செய்யும் முன் நீலத்திரையைப் படியுங்கள்

வீட்டுக் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுபோகிறது என்று பழுது பார்க்கும் கடையில் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பார்மெட் செய்துவிடலாம்" என்பதுதான். பணம் வாங்கிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவித் தருவார்கள். சில நேரம் அதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. சரியாகாத நேரங்களில், சில நாள் கழித்து அதே நீலத்திரை மறுபடியும் வந்து நிற்கும். இடையில் பிள்ளைகளின் புகைப்படங்களும் வரவு செலவுக் கணக்குகளும் போயிருக்கும். பழுது கணினியின் நினைவகமான ராமில் இருந்தால், எத்தனை முறை பார்மெட் செய்தாலும் ராம் மாறப்போவதில்லை.

ஏன் நின்றேன் என்று ஒவ்வொரு முறையும் விண்டோஸ் எழுதிவைத்துவிட்டுத்தான் நிற்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் சிக்கல். படிப்பதற்குப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. எங்கே பார்ப்பது, எதை நம்புவது என்று தெரிந்தால் போதும்.

கணினி ஏன் தானாக நிற்கிறது

விண்டோஸில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் ஒரே அதிகாரம் கிடையாது. குரோம், வேர்டு போன்றவை தமக்கென ஒதுக்கப்பட்ட நினைவகத்தைத் தாண்டிக் கைவைக்க முடியாது. அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் அது மட்டும் மூடிக்கொள்ளும். மற்றவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும், அதனோடு சேர்ந்து ஓடும் டிரைவர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கிராபிக்ஸ் கார்டு, வைஃபை, ஒலி என ஒவ்வொரு கருவியையும் விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்களே டிரைவர்கள். அவற்றில் ஒன்று நினைவகத்தில் தவறான இடத்தைத் தொட்டுவிட்டால், எது கெட்டது, எது கெடாதது என்று கெர்னலால் பிரித்தறிய முடியாது. அப்படியே தொடர்ந்து ஓடினால் கெட்டுப்போன தகவலை டிஸ்கில் எழுதி, உங்கள் கோப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். அதனால் கெர்னல் வேண்டுமென்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. காரணத்தைத் திரையில் காட்டி, அந்த நொடியில் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதன் படியொன்றை டிஸ்கில் சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்கிறது.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றை, கெர்னலோடு சேர்ந்து ஓடும் அதன் டிரைவர் படிக்கப்போய், படிக்கக் கூடாத நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வன்பொருளில் எந்தக் குறையும் இல்லை. ஒரு டிரைவர், ஒரு கோப்பு, அவ்வளவுதான். குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கியதும் கணினிகள் எழுந்துவிட்டன. அன்றைக்கு எல்லாவற்றையும் பார்மெட் செய்யக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது திரையில் சோகமுகம் சேர்ந்தது. 2016இல் விண்டோஸ் 10இல் கியூஆர் கோடு சேர்ந்தது. 2025இல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் திரையே கறுப்பாகி, இரண்டும் காணாமல் போயின. எனவே உங்கள் கணினியில் கறுப்புப் பின்னணியில் செய்தி வந்தாலும் அது இதே நீலத்திரைதான். பழைய பெயரிலேயே தொடர்கிறேன்.

முதலில் திரை நிற்கட்டும்

நீலத்திரை வந்ததும் விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்துவிடுவதால், செய்தியைப் படிக்க நேரம் கிடைப்பதில்லை. அதை நிறுத்திவைக்கலாம். தேடல் பெட்டியில் "வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் சாளரத்தில் "ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி" என்ற பகுதியின் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தினால், "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே உள்ள பட்டியலில் "ஸ்மால் மெமரி டம்ப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி நீலத்திரை வந்தால் நீங்கள் அணைக்கும்வரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் தேட வேண்டியது ஸ்டாப் கோடு என்ற வரி. "மெமரி மேனேஜ்மென்ட்" என்றோ, "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா" என்றோ பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்கும். சில நேரம் அதன் அருகில் ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். இந்த இரண்டும் கிடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஏற்கெனவே போன நீலத்திரைகளையும் பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸிலேயே உள்ள, ஆனால் பலர் திறந்தே பார்க்காத ஒரு பக்கம் அது. தேடலில் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் திறக்கும். கணினி நின்றுபோன நாள்களில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். மென்பொருளோ டிரைவரோ அப்டேட்டோ நிறுவப்பட்ட நாள்களில் நீல வட்டக் குறி இருக்கும். முதல் சிவப்புக் குறி எந்த நாளில் தொடங்குகிறது, அதற்கு ஓரிரு நாள் முன்னால் என்ன நிறுவப்பட்டது என்று மட்டும் பாருங்கள். அதுவரை வெறுமையாகக் கிடந்த வரைபடத்தில், ஒரு நாள் கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகி, மறுநாளிலிருந்து வரிசையாகச் சிவப்புக் குறிகள் வந்திருந்தால் பாதை தெளிவு. ஆறு மாதமாக எதையும் மாற்றாத கணினியில் திடீரென்று சிவப்புக் குறிகள் தொடங்கினால், எதோ ஒரு பாகம் தேயத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தச் செய்தியும் இல்லாமல் சட்டென்று அணைந்து மறுபடி எழுந்தால் அது பெரும்பாலும் நீலத்திரைக் கணக்கில் வராது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்ற பதிவு மட்டும் இருக்கும். அதன் விவரத்தில் பக்செக் கோடு, அதாவது ஸ்டாப் கோடின் எண், சுழியம் என்று இருக்கும். சாவதற்கு முன் எதையும் எழுதிவைக்க விண்டோஸுக்கு நேரமே கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். பவர் சப்ளை, யூபிஎஸ், சுவரில் உள்ள பிளக், அளவுக்கு மீறிய வெப்பம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு டிரைவர்களை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே குறியீடா, வெவ்வேறா

மீண்டும் மீண்டும் வரும் நீலத்திரையில் தனித்தனிக் குறியீட்டைவிட, அவை சேர்ந்து காட்டும் ஒழுங்குதான் முக்கியம். இணையத்தில் ஒரு குறியீட்டைத் தேடினால் "மெமரி மேனேஜ்மென்ட் வந்தால் ராமை மாற்று" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒற்றைக் குறியீட்டை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. மோசமான டிரைவரும் அதே குறியீட்டை வரவழைக்கும்.

நான்கைந்து நீலத்திரைகளின் குறிப்பைச் சேர்த்துவைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே குறியீடு, ஒரே கோப்பு, ஒரே வேலையைச் செய்யும்போது என்றால் டிரைவர் அல்லது குறிப்பிட்ட ஒரு மென்பொருள் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றைக்கு ஒரு குறியீடு, நாளைக்கு இன்னொன்று, மறுநாள் மூன்றாவது. ஒருமுறை விளையாடும்போது, ஒருமுறை சும்மா இருக்கும்போது என்றால் முதலில் ராமைச் சந்தேகியுங்கள். ராமில் கெட்டுப்போன ஒரு துளி இடத்தில் அந்த நேரத்தில் எந்தத் தகவல் வந்து உட்காருகிறதோ, அதைப் பொறுத்துப் பலியாவது மாறுகிறது. அதனால் குறியீடும் மாறுகிறது.

கோப்பின் பெயரைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நீலத்திரைப் பதிவுகள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் இருக்கும். நிர்சாஃப்ட் வெளியிடும் புளூஸ்கிரீன்வியூ என்ற சிறிய இலவச மென்பொருள் அவற்றைப் பட்டியலாகக் காட்டும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விண்டிபிஜி கிடைக்கிறது. எதில் பார்த்தாலும் "என்டிஓஎஸ்கெர்னல்" என்ற பெயர் அடிக்கடி தட்டுப்படும். அது விண்டோஸின் கெர்னல் கோப்பு. திருட்டைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவரையே திருடன் என்று பிடித்துவைப்பதுபோலத்தான் அதைக் குற்றவாளி ஆக்குவது. கெர்னல் பழுதைக் கண்டுபிடித்திருக்கிறது. செய்தது வேறு யாரோ. பட்டியலில் வேறு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என்வி என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ். ஆர்டி என்று தொடங்கினால் பெரும்பாலும் ரியல்டெக் ஒலி அல்லது நெட்வொர்க். புரியாத பெயராக இருந்தால், விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டரில் அதைக் கண்டுபிடித்து, வலது கிளிக் செய்து பிராபர்ட்டிஸ் பார்த்தால் எந்த நிறுவனத்தின் கோப்பு என்று தெரிந்துவிடும்.

ராம்

என் அக்கா மகனின் கணினியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்த்து வாங்கிய மேசைக் கணினி. விளையாட்டு ஓடும்போது நீலத்திரை. கடையில் பார்மெட் செய்து கொடுத்தார்கள், மறுபடியும் வந்தது. கிராபிக்ஸ் கார்டுதான் காரணம் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "மாமா, கார்டை மாற்றிவிடலாமா?" என்று கேட்டான். அந்தக் கார்டின் விலைக்கு இன்னொரு கணினியே வாங்கலாம். அவன் கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த படங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குறியீடு. ஒரு படத்தில் நேரம் நள்ளிரவு தாண்டியிருந்தது. அப்போது கணினி வெறுமனே எதையோ பதிவிறக்கிக்கொண்டிருந்ததாம். கார்டுக்கு வேலையே இல்லாத நேரம்.

மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிட்டோம். விண்டோஸ் ஏறாமல் தனியாக ஓடும் நிரல் அது. காலையில் திரையில் சிவப்பு வரிகள். இந்தச் சோதனையில் "ஒரே ஒரு பிழைதானே" என்று விட்டுவிடக் கூடாது; நல்ல ராமில் பிழை எண்ணிக்கை சுழியமாகத்தான் இருக்க வேண்டும். பிறகு இரண்டு ராமையும் கழற்றி, ஒன்றை மட்டும் ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தோம். ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. கிராபிக்ஸ் கார்டு இன்றுவரை அதே கார்டுதான்.

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் முழுவதுமாக நம்ப வேண்டாம். மெம்டெஸ்ட் ஓட்டுவதற்கு முன், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ராமை அதன் இயல்பான வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டும் அமைப்பு இது. அதை அணைத்ததும் நீலத்திரை நின்றுவிட்டால் ராமைக் குப்பையில் போட வேண்டியதில்லை. குறைந்த வேகத்தில் ஓட்டினால் போதும்.

ராமைக் கழற்றித் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகும் வைத்தியத்தைப் பழுது பார்க்கும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. தேய்ப்பதைவிடக் கழற்றிச் சரியாகச் செருகுவதுதான் அதில் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம். செய்வதானால் மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் செய்யுங்கள். செருகும்போது ஓரத்துக் கொக்கி டக்கென்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வேலை நடக்காது.

டிரைவர்கள்

குறியீடு மாறாமல் ஒரே டிரைவரைக் காட்டினால் வழி எளிது. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியைத் திறந்து "ரோல் பேக் டிரைவர்" அழுத்தினால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். புதிய பதிப்பு வேண்டுமென்றால் மடிக்கணினி அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். இருக்கும் ஒரு பிரச்சினையை மூன்றாக்கிவிடும்.

கருவிகளுக்கு மட்டும்தான் டிரைவர் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆன்டிவைரஸ், விபிஎன், விளையாட்டுகளில் ஏமாற்றுவதைத் தடுக்கும் நிரல்கள், விசைப்பலகையின் வண்ண விளக்கை மாற்றும் நிரல்கள் ஆகியவையும் கெர்னலுக்குள் டிரைவர் வைக்கின்றன. கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால், வேறெதையும் தேடும் முன் ஒன்றை நீக்கிவிடுங்கள். விண்டோஸுக்குள் நுழைந்ததுமே விழுந்துவிடும் நிலை என்றால் சேஃப் மோடில் போகலாம். உள்நுழையும் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். அங்கே குறைந்தபட்ச டிரைவர்களே ஏறும். சேஃப் மோடில் மணிக்கணக்காக நிற்காமல் ஓடுகிறது, வழக்கமான முறையில் பத்து நிமிடத்தில் விழுகிறது என்றால், கூடுதலாக ஏறும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

"வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" என்ற குறியீடு கொஞ்சம் தனி ரகம். கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மட்டும் மீட்டுத் தொடங்கப் பார்க்கும்; திரை ஒருமுறை இருண்டு திரும்புவது அதனால்தான். மீட்க முடியாதபோது நீலத்திரை. டிரைவரை முழுவதும் நீக்கிப் புதிதாக நிறுவிய பிறகும் வந்தால், கார்டின் வெப்பத்தையும் அதற்குப் போகும் மின் இணைப்பையும் பாருங்கள்.

டிரைவர் வெரிஃபையர் என்று ஒரு கருவி இருப்பதாகப் படித்திருப்பீர்கள். டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கிப் பிழை செய்யவைக்கும் கருவி அது. கணினி தொடங்கும்போதே நீலத்திரை வந்து சுழலில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சேஃப் மோடில் சென்று அதை நிறுத்தத் தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

வெப்பம், மின்சாரம், டிஸ்க்

"வியா அன்கரெக்டபிள் எரர்" என்ற குறியீட்டின் எண் 124. வன்பொருளே தவறைப் புகாராகச் சொல்லும்போது இது வரும். பிராசஸரின் வெப்பம், போதாத மின்சாரம், அளவுக்கு மீறி வேகப்படுத்தியது என்று காரணங்கள் பல. கேபினட்டைத் திறந்து பிராசஸரின் விசிறியைப் பாருங்கள். தூசி கம்பளிபோல அடைத்திருந்தால் விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதால் அவற்றில் பல நிலையிழந்து போவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்த அப்டேட் இனிமேல் கெடுவதைத் தடுக்கும்; ஏற்கெனவே கெட்ட பிராசஸரைத் திருத்தாது. பயாஸைத் தொடுவதற்கு முன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதும் விண்டோஸ் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் டிஸ்கில் உள்ளவை உங்களுக்கும் கிடைக்காது.

டிஸ்கைப் பொறுத்தவரை, "கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" அல்லது "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" அடிக்கடி வந்தால் உடனே கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள். சோதனையெல்லாம் பிறகு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்கின் நலத்தைக் காட்டும். மேசைக் கணினியில் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே குறியீடுகள் வரும்; டிஸ்கை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதையொட்டி ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். செலவில்லாத வேலை, ஒருமுறை செய்துவிடலாம். அது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ராமை மாற்றி, டிரைவரையும் மாற்றி, பயாஸையும் புதுப்பித்த பிறகு நீலத்திரை நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று, உண்மையான நீலத்திரையில் ஒருபோதும் தொலைபேசி எண் இருக்காது. "உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று குரலோடு வருவது பிரவுசரில் திறந்த மோசடிப் பக்கம். ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூடவில்லையென்றால் கணினியையே அணைத்துவிடுங்கள். மறுமுனையில் இருப்பவர், தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் நிரலை நிறுவச் சொல்வார், பிறகு வங்கிக் கணக்கைக் கேட்பார்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால் நீலத்திரைப் படங்களையும், மினிடம்ப் ஃபோல்டரின் படியையும், மெம்டெஸ்ட் முடிவின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். "நேற்று மூன்று முறை நின்றது" என்பதைவிட "மூன்று முறையும் வேறு வேறு குறியீடு, மெம்டெஸ்டில் பிழை வந்தது" என்பதற்கு வேறு மரியாதை கிடைக்கும். பார்மெட் செய்யலாம் என்றால், மெம்டெஸ்டில் தேறிய கணினியா என்று திருப்பிக் கேளுங்கள். ராம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால் உடனே புதிது வாங்கிவிட வேண்டாம். ராம் நிறுவனங்கள் பலவும் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன. ராமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கழற்றி, பில்லோடு விற்பனையாளரிடம் கொண்டுபோனால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். இரண்டும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தவை என்றால், ஒன்றுதான் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். அந்த நாள்களுக்கு மாற்று ராம் ஒன்றைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.